சீத்தாக் கொட்டையை விற்கும் முன்

சீத்தாப்பழ சீசன் தொடங்கினால் போதும், கைபேசியில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க, புற்றுநோய்க்கு மருந்து, நல்ல விலைக்கு எடுத்துக்கிறாங்க என்று. முள் சீத்தாவுக்கும் இதே பேச்சுதான். நம் கூட்டங்களுக்கு வருகிற இளைஞர்களும் கேட்கிறார்கள்: "ஐயா, பொடி பண்ணி பாக்கெட் போடலாமா?" மருந்துன்னு சொல்லிப் போடாதீங்க என்பதுதான் என் பதில். காரணம் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

பழச்சதை என்பது பறவைக்கும் விலங்குக்கும் மரம் கொடுக்கிற கூலி. தின்றுவிட்டு விதையை வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும், அவ்வளவுதான். விதையையே மென்று தின்றுவிட்டால் மரத்துக்கு நஷ்டம். அதனால் பல மரங்கள் கொட்டைக்குள் காரம், கசப்பு, துவர்ப்பு, விஷம் என்று ஏதாவது ஒரு காவல் வைத்திருக்கின்றன. நாம் மருந்து என்று தேடிப் போவது பெரும்பாலும் இந்தக் காவலைத்தான்.

பப்பாளி விதையை மென்று பாருங்கள், கடுகு மாதிரி சுள்ளென்று இருக்கும். பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள் செய்கிற வேலை அது. நைஜீரியாவில் குடற்புழு இருந்த 60 குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. காய்ந்த விதைப்பொடியைத் தேனில் கலந்து கொடுத்த 30 பேரில் 23 பேருக்குப் புழு நீங்கியது. வெறும் தேன் குடித்த 30 பேரில் 5 பேருக்குத்தான். சின்ன ஆய்வு, ஆனாலும் நல்ல சேதி. அதே விதையிலிருந்து குளோரோஃபார்மில் எடுத்த சாறு, ஆண் லங்கூர் குரங்குகளுக்கு விந்தணுவே இல்லாமல் செய்தது என்று ஜெய்ப்பூர் ஆய்வாளர்கள் கண்டார்கள். நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. கல்யாணமான பையன்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது!

நாவல் கொட்டையின் காவல் துவர்ப்பு. கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம், டானின்கள். நீரிழிவுக்கு நம் மருத்துவ மரபு இதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது, எலிகளிடம் நடந்த சோதனைகளிலும் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரை போடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கணும்.

சீத்தா வேறு ரகம். அதன் கொட்டையில் எண்ணெயோடு சேர்ந்து அசிட்டோஜெனின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. சீத்தாக் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து முதல் அசிட்டோஜெனின் 1982-ல் பிரிக்கப்பட்டது. இன்றைக்கு நானூறுக்கு மேல் தெரியும். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற அடுப்பு. அசிட்டோஜெனின் அந்த அடுப்பை முதல் படியிலேயே அணைத்துவிடும். பேன் சாவதும் அதனால்தான், புழு சாவதும் அதனால்தான். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல் சாவதும் அதனால்தான். வாட்ஸ்ஆப் செய்தி சொல்வது இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும். நல்ல செல்லுக்கும் அதே அடுப்புதான் என்பதைச் சொல்வதில்லை.

கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அங்கே வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாத நோய் அதிகமாக இருந்தது. அந்த நோயாளிகள் முள் சீத்தாப் பழமும் இலைக் கசாயமும் நிறைய எடுத்தவர்கள் என்று 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலுள்ள அன்னோனாசின் நரம்புச் செல்களைக் கொல்வது பிறகு ஆய்வகத்தில் தெரிந்தது. அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் கசாயம் குடிக்கச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டாமா?

நம் ஊர்களில் பேனுக்கு இந்தப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்ப்பது பழைய பழக்கம். தலைக்குளிக்கும்போது கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகி, தாங்க முடியாத எரிச்சலும் பார்வை மங்கலும் வரும். கண் மருத்துவ இதழ்களில் இப்படிப் பல பேர் கதை பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் தலை தேய்த்துவிடுவது பெண்பிள்ளைகளுக்குத்தான். இந்த வைத்தியத்தை விட்டுவிடலாம், பேன் சீப்பு போதும்.

சட்டமும் இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருட மருந்து மற்றும் மந்திர வைத்தியச் சட்டம் தடுக்கிறது. பூச்சிமருந்து என்று விற்பதற்கும் 1968-ம் வருட பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். வாங்குகிறவருக்கு ஒன்று ஆனால் பாக்கெட்டில் இருப்பது நம் பெயர்.

அப்போ கொட்டை வீணா? இல்லை, அதன் இடம் நம் வயல். ஆடுகூட வாய்வைக்காத செடி என்றுதானே அதை வேலியில் வைத்திருக்கிறோம். வேப்பங்கொட்டைக் கரைசல் மாதிரியே, பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ கொட்டையை இடித்து ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கிறேன். அசுவினி, இளம்புழுக்களுக்குக் கேட்கிறது. இந்தச் சேர்மம் தண்ணீரில் லேசில் கரையாது, சோப்பு சேர்ப்பது அதற்காகத்தான். முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பூ இருக்கும்போது வேண்டாம், தேனீ வரும். மீன் வளர்க்கிற குட்டைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சமையல் மிக்ஸியில் அரைக்காதீங்க. மிச்சப் பொடியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், டப்பாவின் மேல் 'விஷம்' என்று எழுதி வையுங்கள்.