ஆங்கில 'லெட்' வினை: ஒரு வேரும் இரு முரண்பொருள்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'லெட்' என்னும் வினை இன்று 'விடு', 'அனுமதி' என்னும் பொருள்களில் வழங்குகிறது. முற்காலத்தில் இதே வடிவம் 'தடு' என்னும் நேர்மாறான பொருளையும் தந்தது. இவ்விரு பொருள்களும் ஒரு வேரிலிருந்து கிளைத்த முறையையும், பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் கருத வேண்டியதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், பொருள் மாற்றம், முரண்பொருள், லெட், மொழிபெயர்ப்பு

முன்னுரை

இந்தியக் கடவுச்சீட்டில், அதனை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் வேண்டும் ஆங்கில வாசகம் உள்ளது. அதில் 'தடை' எனப் பொருள்படும் இரு பெயர்ச்சொற்கள் இணைந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 'லெட்'. அனுமதியைக் குறிக்கும் சொல் தடையையும் குறிப்பது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

இரு பழைய வினைகள்

இன்றைய 'லெட்' என்னும் வடிவத்தில் இரண்டு பழைய ஆங்கில வினைகள் கலந்துள்ளன. ஒன்று, நெட்டுயிர் கொண்ட 'லேட்டன்'. இது விட்டுச்செல்லுதல், அனுமதித்தல், வாடகைக்கு விடுதல் ஆகிய பொருள்களை உடையது. மற்றொன்று, குற்றுயிர் கொண்ட 'லெட்டன்'. இது தடுத்தல், தாமதப்படுத்துதல் என்னும் பொருள்களை உடையது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகிறது.

முதல் வினைக்கு ஜெர்மன் மொழியின் 'லாசன்' இனச்சொல்லாகும். இரண்டாவது வினை, 'மெதுவான' எனப் பொருள்படும் பெயரடையிலிருந்து தோன்றிய பிறவினை. 'மெதுவாகச் செய்' என்பதே அதன் அடிப்படைப் பொருள். அப்பெயரடையே இன்று 'தாமதமான' என்னும் பொருளில் 'லேட்' என வழங்குகிறது.

பொருள் கிளைத்த முறை

இவ்விரு வினைகளும் 'தளர்தல்' என்னும் பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. 'களைத்த' எனப் பொருள்படும் இலத்தீன் 'லாசுஸ்' என்பதும் அவ்வேரினதே. தமிழில் 'தளர்' என்னும் வினையைக் கொண்டு இக்கிளைப்பை எளிதில் உணரலாம். 'பிடி தளர்ந்தது' என்னும்போது பிடிக்கப்பட்டது விடுபடுகிறது. 'நடை தளர்ந்தது' என்னும்போது செல்வது தாமதமாகிறது. முதல் வழியில் விடுதலும் அனுமதியும், இரண்டாம் வழியில் தாமதமும் தடையும் பிறந்தன. ஆகவே இம்முரண், ஒரு பொருள் தலைகீழாகத் திரிந்ததால் வந்ததன்று. ஒரு வேர் இருவழிப்பட்டதால் வந்தது.

தமிழ் 'விடு' என்பதும் முதல் வழியோடு ஒத்துச் செல்கிறது. 'கையை விடு', 'உள்ளே போக விடு', 'வீட்டை வாடகைக்கு விடு' என்னும் மூன்று வழக்குகளிலும் ஒரே வினை பயில்கிறது. தொடர்பற்ற இரு மொழிகளில் காணப்படும் இவ்வொற்றுமை, பிடியை நெகிழ்த்தும் செயலிலிருந்து அனுமதிப் பொருள் தோன்றுவது இயல்பானது என்பதைக் காட்டுகிறது.

வடிவம் ஒன்றானமையும் விளைவும்

இடைக்கால ஆங்கிலத்தில் முதல் வினையின் நெட்டுயிர் குறுகியது. இரண்டாம் வினையின் ஈறு தேய்ந்தது. இதனால் இரண்டும் 'லெட்' என ஒரே வடிவம் பெற்றன. முரண்பட்ட பொருளுடைய இரு வினைகள் ஒரே ஓசையில் நிலைப்பது அரிது. அனுமதிப் பொருளே வழக்கில் வலுப்பெற்றது. தடைப்பொருளை 'ஹிண்டர்', 'பிரிவென்ட்' முதலிய வினைகள் ஏற்றன. சட்டத் தொடர்களிலும், வலையில் பட்டு உரிய கட்டத்தில் விழும் டென்னிஸ் தொடக்க அடியைக் குறிக்கும் சொல்லிலும் பழம்பொருள் எஞ்சியுள்ளது.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில், ஆவியைப் பின்தொடர முயலும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்துகின்றனர். தன்னை 'லெட்' செய்பவனைக் கொல்வதாக அவன் மிரட்டுகிறான். இன்றைய பொருளைக் கொண்டால், வழிவிடுபவனைக் கொல்வதாகக் காட்சியே தலைகீழாகும். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும், உரோமாபுரிக்கு வரவிடாமல் தாம் தடுக்கப்பட்டதைப் பவுல் கூறுமிடத்தில் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது.

முடிவுரை

அறிமுகமற்ற சொல்லுக்கு அகராதியை நாடும் மொழிபெயர்ப்பாளர், நன்கு அறிந்த சொல்லுக்கு அதனை நாடுவதில்லை. பிழை நேர்வது பெரும்பாலும் அவ்விடத்திலேதான். எனவே பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர், எளிய வினைகளுக்கும் நூல் எழுந்த காலத்துப் பொருளை வரலாற்று அகராதியில் சரிபார்ப்பது இன்றியமையாததாகும்.