சுபாவம் பாவமன்று, சாக்குமன்று

நெஞ்சு படபடக்கிறது என்று இதயநோய்ப் பிரிவுக்கு வந்த ஓர் அம்மையார், அங்கிருந்து எங்கள் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு பரிசோதனை ஆகிய அனைத்தும் இயல்பாகவே இருந்தன. உடன் வந்த கணவர் ஒரு நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தார். "என்ன தொந்தரவு, அம்மா?" என்று கேட்டோம். "எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர். இவர்தான் என்னோடு பேசுவதே இல்லை" என்றார் அம்மையார். கணவரைப் பார்த்தோம். "பேசினால் அடுத்த கேள்வி வரும், டாக்டர்" என்றார் அவர்.

இது ஒரே குடும்பத்தின் கதையன்று. நாங்கள் சந்தித்த பல குடும்பங்களின் அனுபவங்களைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம். ஆயினும், வாசிப்போரில் சிலர் இதில் தம் வீட்டைக் காணக்கூடும்.

அம்மையார் எதையும் முன்கூட்டியே எண்ணிக் கவலைப்படுபவர். இரவில் காஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் போனை எடுக்கத் தாமதித்தால் விபத்து நேர்ந்துவிட்டது என்றே முடிவு செய்வார். கணவரோ சிறு வயது முதலே அதிகம் பேசாதவர். மனம் கனத்தால் மொட்டை மாடிக்குச் சென்று தனியே நிற்பார். கணவரின் மௌனத்தை மனைவி வெறுப்பு என்று எண்ணினார். மனைவியின் கேள்விகளைக் கணவர் சந்தேகம் என்று எண்ணினார். அவர் ஒதுங்க ஒதுங்க, இவர் மேலும் கேட்டார். இவர் கேட்கக் கேட்க, அவர் மேலும் ஒதுங்கினார். இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரே சண்டை நடந்துகொண்டிருந்தது. இருவரில் எவரும் கெட்டவர் அல்லர்.

இதற்கிடையில் நல்லெண்ணத்துடன் ஒருவர், "விசுவாசி இப்படிக் கவலைப்படலாமா? உங்கள் ஜெபத்தில் குறை இருக்கிறது" என்று அம்மையாரிடம் கூறியிருந்தார். அன்றுமுதல் அவர் அதிகம் ஜெபித்தார். தம்மை அதிகம் நொந்துகொண்டார். எவரிடமும் மனம் திறப்பதை நிறுத்திவிட்டார். மூன்று மாதங்களாக அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தது, உணவு இறங்கவில்லை, உடல் மெலிந்தது. "ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது" என்று அவர் எங்களிடம் சொன்னபோதுதான், கணவரும் அதை முதன்முறையாகக் கேட்டார். தம் நாற்காலியை மனைவியின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆளுமைப் பண்பு என்பது யாது?

மனிதரின் குணங்களைக் குறிக்கும் சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து திரட்டி, 1936ஆம் ஆண்டில் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்னும் இரு உளவியலாளர்கள் ஏறத்தாழ 18,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டனர். பிற்கால ஆய்வுகள் அத்தகைய சொற்களை ஐந்து பெரும் பண்புகளுக்குள் அடக்கின: புதியன ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், எளிதில் மனங்கலங்கும் தன்மை. இவை மனிதரை அடைத்து வைக்கும் பெட்டிகள் அல்ல. உயரத்தைப் போன்ற அளவுகள். ஒவ்வொருவரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு.

இரட்டையர்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, இப்பண்புகளில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபு வழியாக வருவது. எஞ்சியது வாழ்க்கை அனுபவங்களால் அமைவது. ஆகவே கவலைப்படும் இயல்பை எவரும் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை.

ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பயனும் ஒரு விலையும் உண்டு. கவலைப்படும் அந்தத் தாய்தான் பிள்ளையின் தடுப்பூசி நாளை ஒருமுறையும் தவறவிடாதவர். காய்ச்சலை முதலில் கண்டறிந்தவர். பேசாத அந்தத் தந்தைதான் வீட்டில் நெருக்கடி வந்தபோது நிதானம் இழக்காமல் நின்றவர். களைப்பும் கடனும் துக்கமும் சேரும்போது அதே பண்புகள் கூர்மையடைந்து, அருகில் இருப்பவரைக் காயப்படுத்துகின்றன.

எளிதில் மனங்கலங்கும் தன்மை மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியுள்ளது. மணவாழ்வில் மனக்குறை மிகுவதோடும் இப்பண்புக்குத் தொடர்பு உண்டு. வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்கிறோம். விதி என்று சொல்லவில்லை. பண்பு வேறு, நோய் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பண்பு இளமை முதல் கூடவே வருவது. நோய்க்கு ஒரு தொடக்கம் உண்டு. உறக்கம், பசி, வேலை ஆகியவற்றை அது குலைக்கும். அந்த அம்மையாருக்குக் கவலைப்படும் இயல்பு வாழ்நாள் முழுதும் இருந்தது. மனச்சோர்வு நோய் மூன்று மாதங்களாக இருந்தது. இரண்டும் விசுவாசக் குறைவு அல்ல.

மார்த்தாளும் எலியாவும்

இங்கே மார்த்தாளை நினைத்துப் பார்ப்பது நலம். வீட்டு வேலைகளால் கலங்கி, சகோதரி உதவவில்லையே என்று ஆண்டவரிடம் முறையிட்ட மார்த்தாளையே பலரும் அறிவர். பிரசங்கங்களில் அவர் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறார். ஆனால் யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைப் பாருங்கள். சகோதரன் லாசரு இறந்தபின், இயேசு வருகிறார் என்று கேட்டதும் எழுந்து எதிர்கொண்டு சென்றவர் மார்த்தாள். வீட்டில் அமர்ந்திருந்தவர் மரியாள். இயேசுவைக் கிறிஸ்து என்று அன்று அறிக்கையிட்டவரும் மார்த்தாளே. அடுத்த அதிகாரத்தில், விருந்து நடக்கும்போது அவர் மீண்டும் பரிமாறுகிறார். அவருடைய சுபாவம் மாறவில்லை. அதை எவரும் கடிந்துகொள்ளவும் இல்லை. மனம் கலங்குபவரிடத்தில் ஆழ்ந்த விசுவாசம் இருக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எலியாவின் நிகழ்ச்சியோ, மருத்துவராகிய எங்களை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது. பெரும் வெற்றிக்குப் பின் அஞ்சி ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டினார் அந்தத் தீர்க்கதரிசி. அவருக்கு முதலில் கிடைத்தது அறிவுரையன்று. உறக்கம், சுட்ட அடை, தண்ணீர். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன் பின்னரே பயணமும், ஓரேபில் மெல்லிய சத்தமும், உடன் நடக்க எலிசா என்னும் துணையும். சாக விரும்பும் ஒருவரிடம் நாம் எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் கற்பிக்க முடியாது.

மாற்றம் இயலுமா?

இயலும், ஆனால் மெதுவாக. சிகிச்சையால் ஆளுமைப் பண்புகள் மாறுகின்றனவா என்பதை 207 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் தெளிவான மாற்றம் தெரிந்தது. மிகுதியாக மாறியது மனங்கலங்கும் தன்மையே. அன்பு, பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் முதலியவற்றைப் பவுல் கனி என்றே அழைக்கிறார். கனி ஒரே இரவில் பழுப்பதில்லை. நீரும் காலமும் கேட்கும்.

அம்மையாருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையும் உளவியல் ஆலோசனையும் தொடங்கினோம். ஆனால் நோய் ஒருவருக்கு இருந்தாலும் சிகிச்சையில் வீடு முழுவதும் பங்குபெற வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. எனவே இருவரிடமும் சில சிறு பழக்கங்களைக் கேட்டுக்கொண்டோம்.

கணவர் மாடிக்குச் செல்லும் முன், "அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். சொன்னபடி வரவும் வேண்டும். மனைவி, நாள் முழுதும் எழும் கவலைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து, மாலையில் அதற்கென ஒதுக்கிய இருபது நிமிடங்களில் மட்டும் அவற்றைப் பார்க்க வேண்டும். காஸ் வால்வை ஒருமுறை மூடி, "மூடிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லி நகர வேண்டும். இரவு உணவுக்குப் பின் இருவரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது பேச்சு கட்டாயமில்லை.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் வைத்தோம். "ஆண்டவரே, இவருடைய பிடிவாதத்தை மாற்றும்" என்று ஒருவரும், "இவளுக்குப் பொறுமையைத் தாரும்" என்று மற்றவரும் உரக்க ஜெபிக்கும் வீடுகள் உண்டு. அது கடவுளிடம் பேசுவதன்று. பக்கத்தில் இருப்பவரைக் கடிவது. மற்றவருக்காக நன்றி சொல்ல ஒரு காரணத்தைத் தேடுங்கள் என்றோம். கணவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மகனுக்கு டெங்கு வந்தபோது இவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்" என்றார். அம்மையார் அழுதார்.

எங்கே எல்லை?

சுபாவம் பாவமன்று என்பது, எதையும் பொறுத்துக்கொள் என்று பொருள்படாது. அடிப்பதும், குடித்துவிட்டு மிரட்டுவதும், மனைவியை வீட்டோடு அடைத்துவைப்பதும் சுபாவத்தில் சேரா. "அவர் குணம் அப்படி, ஜெபித்துக்கொண்டே பொறுத்துப் போ" என்று அங்கே அறிவுரை கூறுவது தவறு. முதலில் பாதுகாப்பு வேண்டும். பெண்கள் 181 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் தொய்ந்திருந்தாலோ, உறக்கமும் பசியும் குலைந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய இயலாமற்போனாலோ மருத்துவரைக் காணத் தயங்க வேண்டாம். வாழ விருப்பமில்லை என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாகக் கருதாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416, இரவும் பகலும் இலவசமாகச் செயல்படுகிறது.

ஆறு மாதங்களுக்குப் பின் அந்தத் தம்பதியர் வந்தனர். அம்மையாரின் உறக்கம் சீராகியிருந்தது, எடையும் கூடியிருந்தது. இன்னும் கவலைப்படுகிறார். கணவர் இன்னும் அதிகம் பேசுவதில்லை. "இப்போதும் மாடிக்குப் போகிறாரா?" என்று கேட்டோம். "போகிறார், டாக்டர்" என்றார் அம்மையார். "சில நாள் நானும் கூடப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்."