அகிலும் அம்பரும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களில் சிலருக்கு, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் ஆச்சி இருமிக்கொண்டே எழுந்து வெளியே போனது நினைவிருக்கலாம். அன்று அவர்களுடைய பேத்தி முதன்முறையாக மேடை ஏறிப் பாடினாள். ஆச்சி படிக்கட்டில் அமர்ந்து மூச்சைச் சீராக்கிக்கொள்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவர்களை அப்படி எழுந்து போகச் செய்தது அடுத்த நாற்காலியில் இருந்த என் சட்டையிலிருந்து வீசிய அத்தர்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதனாலே என்ன தம்பி, அடுத்த வருஷமும் பாடத்தானே போறா" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

விலையுயர்ந்த பொருள் ஒன்றை அறியாமல் வாங்கி, அறியாமல் அணிந்ததன் பயன் அது. அதன்பின் பலரிடம் கேட்டும், படித்தும், என் கையிலேயே பூசிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் அத்தர் வாங்கும் வழக்கம் மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்களில் இப்போது பெருகி வருகிறது. என் அனுபவம் அவர்களுடைய பணத்தையும், பக்கத்தில் இருப்பவருடைய மூச்சையும் காப்பாற்றினால் போதும்.

ஆசை பிறந்த விதம்

நான் இரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. சணல் மூட்டை, மீன் கூடை, ரப்பர் டயர் இவற்றின் நடுவே நாள் கழிகிறது. எங்கள் சன்னலுக்குச் சரக்கு அனுப்ப வரும் முதிய வியாபாரி ஒருவர் உண்டு. அவர் ரசீது பெற்றுச் சென்ற பின்னும் சிறிது நேரம், பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற ஆழ்ந்த மணம் அங்கே நிற்கும். அது என்னவென்று ஒருநாள் கேட்டேன். "ஊத், அம்பர்" என்று இரண்டே சொல்லில் விடை கூறினார். அந்த மதிப்பும் அமைதியும் நமக்கும் வேண்டும் என்ற ஆசை அன்றே பற்றிக்கொண்டது.

தசராவுக்கு முன் போனஸ் வந்தது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து, பொன்னெழுத்தில் அந்த இரு பெயர்களும் பொறித்த புட்டி ஒன்றை, கடையில் நின்ற ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிட்டேன். இடம் பெயர்ந்து வாழும் குடும்பத்தில் அந்தத் தொகை ஊருக்கு அனுப்பும் ஒரு மாதப் பணம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஊத் என்பது நம் அகிலே

'ஊத்' என்ற அரபுச் சொல்லுக்கு மரம் என்பதே பொருள். நாம் அகில் என்றும், வடநாட்டார் அகர் என்றும் சொல்வது இதனையே. அகர்பத்தி என்ற பெயரில் அகரும், நம் மராத்தி அண்டைவீட்டார் சொல்லும் உதபத்தியில் ஊத்தும் மறைந்திருக்கின்றன. எனவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான மணமன்று. அகிற்புகையில் கூந்தலை உலர்த்திய மகளிரைப் பழந்தமிழ்ப் புலவர்கள் பலமுறை பாடியுள்ளார்கள்.

இன்று இந்தியாவில் ஊத் என்றால் அஸ்ஸாமும் அதனை அடுத்த வடகிழக்கு மாநிலங்களுமே முதலில் நினைவுக்கு வரும். கௌஹாத்தியிலிருந்து லும்டிங் செல்லும் பாதையில் உள்ள ஹோஜாய் இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நோயற்ற அகில் மரத்தின் கட்டை வெளிறியது, மணமும் அற்றது. தண்டைப் புழு துளைத்து, அப்புண்ணில் பூஞ்சை பற்றும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருமையான பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டையே மணப்பொருள். அதனைச் சிறு துண்டுகளாக்கி நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, பின்பு காய்ச்சி வடிப்பார்கள். நிறையக் கட்டைக்கு மிகச் சொற்பமான எண்ணெயே கிடைக்கும்.

காடுகளில் இம்மரம் அருகிவிட்டது. ஆதலால் 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கை ஒன்றால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இப்போது தோட்டங்களில் நட்டு வளர்க்கிறார்கள். கலப்பற்ற அகில் எண்ணெய் ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 12 கிராம், பல்லாயிரம் ரூபாய் விலை போவதன் காரணம் இதுவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது தூய ஊத் ஆகாது. அது இரசாயன மணப்பொருள்களைக் கொண்டு அமைத்த கலவை. கலவை என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. நல்ல கலவைகளும் உண்டு. தூயது என்று சொல்லி விற்பதே குற்றம்.

அம்பர் என்ற பெயரில் மூன்று பொருள்கள்

அம்பர் என்ற சொல்லில் குழப்பம் அதிகம். மணி கோக்கும் மஞ்சள் நிற அம்பர், பழங்காலத்து மரப்பிசின் மண்ணுள் புதைந்து இறுகியது. அதற்கு மணம் இல்லையென்றே சொல்லலாம். இரண்டாவது மீனம்பர். எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரை ஒதுங்குவது. அத்திமிங்கிலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படும் உயிர். ஆகையால் நம் நாட்டில் மீனம்பரை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம். "அசல் இருக்கிறது, யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று எவரேனும் காதில் ஓதினால், அவ்விடத்தை விட்டு உடனே நீங்குவதே அறிவுடைமை.

கடைகளில் அம்பர் என்று நமக்குக் கிடைப்பது மூன்றாவது. மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதரின் பிசின், சாம்பிராணி, வனிலா ஆகியவற்றின் சேர்க்கையைப் போன்று அமைக்கப்படும் இனிய, வெதுவெதுப்பான மணம் அது. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி போட்ட வீட்டில் வளர்ந்தவர்க்கு அதில் பாதி முன்பே அறிமுகமானதுதான். கன்னோஜ் நகரத்தார் செம்புப் பானையில் வடித்து, பலவகை மூலிகைகளையும் மசாலைப் பொருள்களையும் சேர்த்து அமைக்கும் அம்பர் அத்தர்களும் உள. கான்பூரிலிருந்து இரயிலில் போகக்கூடிய அந்நகரமே ஒரு காலத்தில் ஹர்ஷரின் தலைநகர். காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன் அவருக்கு அனுப்பிய பரிசில்களில் கரிய அகில் எண்ணெயும் இருந்ததாகப் பாணரின் ஹர்ஷசரிதம் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே அஸ்ஸாமின் அகில் ஹர்ஷரின் கை வரை பயணம் செய்திருக்கிறது.

அகிலையும் அம்பரையும் ஏன் சேர்க்கிறார்கள்? அஸ்ஸாம் அகில் முதலில் முரட்டுத்தனமாக இருக்கும். தோலும் புகையும், சிலருக்கு மாட்டுத் தொழுவமும்கூட நினைவுக்கு வரும். அம்பரின் இனிமை அம்முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. அகில், அம்பரைத் திகட்டாமல் காக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி முகம்மதலி சாலைக்கு நடந்தால் அத்தர்க் கடைகள் பல உள்ளன. அங்கே ஒரு சிறு கடையின் பெரியவர் எனக்கு ஆசிரியராக வாய்த்தார். என் பொன்னெழுத்துப் புட்டியை முகர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். "இதில் ஊத்தின் பெயர் இருக்கிறது" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் கற்பித்தவையும் நான் கண்டவையும் வருமாறு:

ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று மணங்களுக்கு மேல் பார்க்க வேண்டாம், மூக்கு களைத்துவிடும். முதலில் காகிதத் துண்டில் முகர்ந்து, பிடித்தவற்றை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாகத் தொட்டுக்கொள்ளுங்கள். தேய்க்க வேண்டாம்.

பின்பு ஒன்றும் வாங்காமல் வீடு திரும்புங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதல் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். கடைக்காரர் முன் நாம் மயங்குவது பெரும்பாலும் அவற்றுக்கே. அகிலும் அம்பரும் கனமானவை. அவற்றின் உண்மை முகம் மூன்று நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே தெரியும். இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும், மறுநாள் காலையில் ஒருமுறையும் முகர்ந்து பாருங்கள். வீட்டாரையும் கேளுங்கள். ஒரே அத்தர் ஒருவர் தோலில் இனிப்பாகவும் மற்றொருவர் தோலில் புகையாகவும் நிற்பதுண்டு.

நிறம் கருமையாக இருப்பதும், எண்ணெய் கெட்டியாக ஒழுகுவதும் தூய்மைக்குச் சான்றல்ல. அவ்விரண்டையும் செயற்கையாக உண்டாக்கலாம். "இது தூய எண்ணெயா, கலவையா? எந்த எண்ணெயில் கரைத்தது?" என்று நேரே கேளுங்கள். நேர்மையான வணிகர் நேர்மையாகச் சொல்வார். முதலில் கால் தோலா, அதாவது 3 மில்லி போதும். ரசீது வாங்க மறவாதீர்.

முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தொட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அந்த அத்தர் உங்களுக்கு ஆகாது. சிறு குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம்.

அணியும் முறை

பொங்கலன்று நான் செய்த தவறு என்னவென்று பெரியவர்தான் விளக்கினார். வீட்டில் ஒருமுறை பூசினேன். சிறிது நேரத்தில் மணம் போய்விட்டதென்று எண்ணி, நிலையத்தில் மறுமுறை. மண்டபத்து வாசலில் மூன்றாம் முறை. உண்மையில் மணம் போகவில்லை. என் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. நமக்குத் தெரியாமற்போன மணம் புதிதாக நம் அருகே வருபவர்க்கு முழு வலிவோடு தெரியும். ஆகவே, நமக்கு மணக்கவில்லை என்பதற்காக மறுபடியும் பூசுவது கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குற்றம் நீங்கும்.

எண்ணெய் அத்தராயின் குச்சி நுனியால் இரண்டு தொடல் போதும். தெளிக்கும் வகையாயின் ஒரு தெளிப்பு. குளித்துத் துடைத்த தோலில், மார்பிலோ காதின் பின்னோ தொட்டு அதன்மேல் சட்டை அணிந்தால் மணம் மெல்ல எழும். தோல் வறண்டிருந்தால் மணம் விரைவில் மறையும். முன்னதாகச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். பட்டுப் புடவையில் எண்ணெய் அத்தர் படக்கூடாது, கறை போகாது. முத்து மாலை அணியும் சகோதரிகள் மணப்பொருளை முதலில் பூசி, அது உலர்ந்த பின் மாலையைப் பூண வேண்டும். புட்டியை வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைத்தால் நெடுநாள் கெடாது.

மார்கழி, தை மாத மாலைகளுக்கும், திறந்த வெளித் திருமண வரவேற்புக்கும் அகிலும் அம்பரும் பொருந்தும். மே மாதத்து வியர்வையில் அவை கனத்து நெடியாகும். காலைக் கூட்டத்து மின்சார இரயில், மருத்துவமனை, துக்க வீடு, அடைத்த அரங்கம் ஆகிய இடங்களுக்கு இவை ஆகா. ஆஸ்துமா உள்ளவர் அருகே எந்த மணமும் வேண்டாம். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் நம் மணம் போகாதிருந்தால், அதுவே சரியான அளவு.

இவ்வாண்டு பொங்கல் விழா

என் பொன்னெழுத்துப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பெரியவர் கடையிலிருந்து கால் தோலா அம்பர் கலந்த அகில் அத்தர் வாங்கினேன். கலவைதான், கலவை என்று சொல்லியே கொடுத்தார். முந்தியதன் விலையில் பாதிகூட இல்லை. என் மைத்துனன் திருமணத்தன்று அதை இரண்டு தொடல் அணிந்தேன். இரவு வீடு திரும்பியதும் என் மனைவி சட்டையை மடித்து வைக்கும்போது, "இது நன்றாயிருக்கிறது" என்றாள். எனக்கு வேறு விருது வேண்டியிருக்கவில்லை.

இவ்வாண்டு விழாவுக்குப் புறப்படும்போது அந்தப் புட்டியைக் கையில் எடுத்தேன். சிறிது யோசித்து, திரும்ப வைத்துவிட்டேன். மண்டபத்தில் இடம் நெருக்கமாயிருந்தது. ஆச்சி என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்த தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்கே உட்காருங்க தம்பி" என்றார்கள். பேத்தி மேடைக்கு வந்தாள். இரண்டு பாட்டுப் பாடினாள். ஆச்சி கடைசி வரியையும் கேட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள்.