வாகனங்களை நிறுத்தாமலே மேம்பாலத்தை மாற்றிக் கட்டுவது எப்படி?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 95, 395, 495 என்னும் மூன்று பெருஞ்சாலைகள் சங்கமிக்கும் ஸ்பிரிங்பீல்ட் சந்திப்பு, நாள்தோறும் லட்சக்கணக்கான வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1999 முதல் 2007 வரை முற்றிலும் புனர்நிர்மாணம் செய்யப்பட்டது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும் இல்லத்தரசி, கொல்லைப்புறத்தில் புதிய சமையலறையை எழுப்பி, அடுப்பை அங்கே மாற்றிய பிறகல்லவா பழைய சமையலறையை இடிக்கச் சம்மதிப்பாள்?

அம்முறையிலேயே பொறியாளர்கள், பழைய தடத்துக்குப் பக்கத்தில் புதிய பாலத்தை முதலில் எழுப்பி, நடமாட்டம் குறைந்த இரவு வேளையில் வாகனங்களை அதன்மேல் திருப்பிவிட்டு, வெறுமையான பழைய பாலத்தை அகற்றி, அங்கேயே அடுத்த பாலத்தின் தூண்களுக்கு அஸ்திவாரம் இட்டார்கள். இப்படிப் படிப்படியாகவே சுமார் 50 பாலங்கள் எழுந்தன.

இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்பீர்கள். தொலைதூரம் செல்வோரும் உள்ளூரில் இறங்குவோரும் ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தடம் மாறியதே அங்கு நெரிசலுக்கும் விபத்துக்கும் மூலகாரணமாக இருந்தது. இரு சாராருக்கும் தனித்தனிப் பாதை அமைந்ததும், ஒருவரையொருவர் குறுக்கிடும் அவசியம் பெரிதும் ஒழிந்தது.

ஆகவே, பெருஞ்சந்திப்பின் சிறப்பு அதன் உயரத்தில் இல்லை. வழிகளைச் செவ்வனே பிரித்து வைக்கும் விவேகத்திலேயே இருக்கிறது.