தொண்டைக் கரகரப்புக்கு எப்போதும் மிளகுதானா?

கொல்லிமலை திண்ணனூர் நாட்டுக்குப் போனால், சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருக்கும். தொண்டை கரகரத்தால் முதலில் கை போவதும் மிளகுக்குத்தான். சளி கட்டிய தொண்டைக்கு மிளகும் தூதுவளை ரசமும் நல்லதுதான். நானே சொல்வேன்.

ஆனால் வாரக்கணக்கில் செருமிக்கொண்டே இருக்கிறீர்களா? கூடவே புளித்த ஏப்பம், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி? அது சளியாக இருக்காதுங்க. இரைப்பையின் அமிலம் மேலேறி தொண்டையை அரிப்பதாக இருக்கலாம். அங்கே மிளகைப் போட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். மிளகை நிறுத்திப் பாருங்கள். படுக்கப் போவதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். மலைக் காப்பி மணக்கத்தான் செய்யும், குறைத்துக்கொள்ளுங்கள். செருமத் தோன்றினால் ஒரு வாய் வெதுவெதுப்பான நீர் விழுங்குங்கள். செருமச் செரும உறுத்தல் ஆறாது.

அதிமதுரத் துண்டை வாயில் அடக்கலாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம்.

குரல் 3 வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ என்னைப் போன்ற வைத்தியரிடம் கஷாயம் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். புற்றாகவும் இருக்கலாம். பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, காது மூக்கு தொண்டை டாக்டரை உடனே பார்த்துவிடுங்கள்.