கேப்பும் காம்பும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நாஞ்சில் நாட்டில், கருமருந்தால் இயங்கிய துப்பாக்கிகளுக்கு ஈரம் ஓயாத பகையாக இருந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்து செய்யப்படும் கருமருந்து நனைந்தால் பற்றாது. குழலின் அடியில் இடித்துத் திணிக்கப்பட்ட மருந்து ஓரளவு காப்பாக இருந்தாலும், அதற்கு நெருப்பூட்டும் வாய் வெளியே திறந்து கிடந்தது. அந்த வாயை மூடி, மழையிலும் துப்பாக்கியை நம்பத்தக்க கருவியாக்கியது மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு செப்புக் கிண்ணம். நாட்டுத் துப்பாக்கியைக் கையாள்வோர் அதைக் கேப்பு என்று அழைப்பர்.

1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் டச்சுப் படையை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர், சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாயைத் தம் படையைச் சீரமைக்கப் பயன்படுத்திக்கொண்டார். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை டிலனாயின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டு, அதற்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இயங்கியது. 1777இல் இறந்த அவருடைய கல்லறை, தமிழிலும் இலத்தீனிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகளுடன் இன்றும் அக்கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இருவகை. ஒன்றில், கனன்றுகொண்டே இருக்கும் திரி ஒன்று விசையை அழுத்தியதும் தாழ்ந்து மருந்தைத் தொடும். மற்றொன்றில், சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தெறிக்கும் பொறி, குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணியில் தூவப்பட்ட மருந்தில் விழும். அந்தச் சுடர் பக்கத் துளை வழியே உள்ளே பாயும். இரண்டுக்கும் மழை ஆகாது, காற்றும் ஆகாது. 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரண்களைத் தாக்கி, திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பியின் படையை முறியடித்து உதயகிரியையும் பத்மநாபபுரத்தையும் கைப்பற்றியபோதும் சக்கிமுக்கித் துப்பாக்கியே இங்கிலாந்துப் படைகளின் வழக்கமான ஆயுதமாக இருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1807இல், ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற மதகுரு வேறொரு வழிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பறவை வேட்டையில் ஈடுபாடு கொண்ட அவருக்கு, கிண்ணியில் எழும் சுடரைக் கண்டு, குண்டு வெளிவரும் முன்பே பறவைகள் தப்பிவிடுவது பெருங்குறையாகப் பட்டது. பொறியோ திரியோ இல்லாமல் அடிபட்ட மாத்திரத்தில் வெடிக்கும் ஃபல்மினேட் வகை உப்புகளை அவர் இதற்குப் பயன்படுத்தினார். இவற்றுள் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் 1800இலேயே அறிவியல் உலகுக்கு அறிவித்திருந்தார். அந்த உப்பைச் சிறிய செப்புக் கிண்ணத்தின் அடியில் ஒட்டவைக்கும் எண்ணம் முதலில் யாருக்கு எழுந்தது என்பதில் பலர் உரிமை கொண்டாடினர். அவர்களுள் ஒருவரான ஜோஷுவா ஷா என்ற ஓவியர் 1822இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் சக்கிமுக்கி, கேப்பு ஆகிய இருவகைத் துப்பாக்கிகளையும் ஆறாயிரம் முறை வீதம் சுட்டுச் சோதித்தபோது, சக்கிமுக்கி ஏறக்குறைய ஆறரை முறைக்கு ஒருமுறை பொய்த்தது. கேப்புத் துப்பாக்கியோ 166 முறைக்கு ஒருமுறைதான் பொய்த்தது.

இந்த வேறுபாட்டின் விலையைச் சென்னை மாகாணச் சிப்பாய்களே செலுத்த நேர்ந்தது. 1841 மே இறுதியில், சீனத்தின் காண்டன் நகருக்கு அருகில், சென்னைக் காலாட்படையின் 37ஆம் பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி கொட்டும் மழையில் வழிதவறி, ஊர்மக்கள் பெருந்திரளால் சூழப்பட்டது. தம் கையில் இருந்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து செயலற்றுப் போக, சிப்பாய்கள் சதுர அணியாக நின்று துப்பாக்கி முனையின் ஈட்டிகளால் தற்காத்துக்கொண்டனர். கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்களின் இரண்டு கம்பெனிகள் தேடி வந்து, அதே மழையில் சுட்டு, அவர்களை மீட்டன. நல்ல கருவி கைவசம் இருந்தும் அது இந்தியச் சிப்பாய்க்கு வழங்கப்படாதிருந்தது வருந்தத்தக்கது.

கேப்பு அமரும் உறுப்பு, குழலின் பின்புறத்தில் திருகிப் பொருத்தப்பட்ட, நடுவே நுண்துளை கொண்ட எஃகுக் காம்பு ஆகும். விசையை அழுத்தியதும் சுத்தியல் கேப்பின் தலையில் விழுகிறது. கேப்பின் அடியில் உள்ள உப்பு சுத்தியலுக்கும் காம்பின் நுனிக்கும் இடையே நசுங்கி வெடிக்கிறது. சுடர் துளை வழியே இறங்கிக் குழல் மருந்தைப் பற்றவைக்கிறது. உப்பின்மேல் பூசப்பட்ட அரக்கு மெழுகு ஈரத்தைத் தடுக்கிறது. கேப்பின் சுவர் காம்பை இறுகப் பற்றித் துளையின் வாயை மூடுகிறது. சுத்தியலின் முகம் குழிவாகச் செய்யப்பட்டிருப்பது, வெடிக்கும் செப்பின் சிதறல்கள் சுடுபவரின் கண்ணை நோக்கித் தெறிக்காமல் அடக்குவதற்காக.

இவ்வளவும் கேப்பும் காம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மட்டுமே நடக்கும். காம்பு மேல்நோக்கிச் சற்றே ஒடுங்கும் கூம்பு வடிவம் கொண்டது என்பதால், கேப்பின் உட்புறம் அதைவிடச் சிறிதாக இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். உப்புக்கும் காம்பின் நுனிக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி எஞ்சும். அப்போது சுத்தியலின் முதல் அடி முழுவதும் கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகி, இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். முதல் அடிக்கு மசியாமல் இரண்டாம் அடிக்கு வெடிக்கும் துப்பாக்கியில் மருந்தைப் பழிப்பது வழக்கமாக இருந்தாலும், குற்றம் பெரும்பாலும் பொருத்தத்திலேயே இருக்கும். கேப்பு பெரிதாக இருந்தாலோ நடக்கும்போதே கழன்று விழும். சுழல் துப்பாக்கியில், அதிர்ச்சியில் கழன்ற கேப்பு பொறியில் சிக்கிக்கொள்வதோடு, திறந்த காம்பின் வழியே அடுத்த அறைக்கும் நெருப்பு தாவ இடம் கொடுக்கும். 10, 11 என்று எண்ணிட்டு விற்கப்பட்ட கேப்புகளின் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபட்டதால், எண்ணை நம்பாமல் காம்பில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போர்வீரருக்கான கேப்பு இதனினும் பெரியது. நனைந்த விரலாலும் எடுத்து வைப்பதற்காக அதன் விளிம்பு தொப்பியின் ஓரம்போல் வெளியே மடக்கப்பட்டிருந்தது.

தேய்மானமும் பொருத்தத்தைக் கெடுக்கும். கேப்பு இல்லாமல் சுத்தியலை வீழ்த்திப் பழகினால் காம்பின் நுனி நசுங்கி அகன்றுவிடும் என்பதால், பயிற்சியின்போது அதன்மேல் தோல் பதித்த மூடி வைக்கப்பட்டது; என்ஃபீல்டு துப்பாக்கிகளில் இந்த மூடி சிறு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. வெடித்த கேப்பு விட்டுச்செல்லும் உப்புக்கசடு, குறிப்பாகக் கடற்காற்று வீசும் பகுதிகளில், ஈரத்தை இழுத்து இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயால் துடைத்தால் அந்தக் கசடு போகாது, நீரால்தான் கரையும்.

கேப்பு தந்த நம்பகம் ஒரு சார்புநிலையையும் கூடவே கொண்டுவந்தது. இரும்பை உலையில் காய்ச்சலாம், கருமருந்தை உள்ளூரிலேயே அரைக்கலாம், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம். ஆனால் துல்லியமாக அச்சடித்த செப்புக் கிண்ணமும் அதிலிட்ட ஃபல்மினேட்டும் தொழிற்சாலையின்றிக் கிடைக்கமாட்டா. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதை நன்கு உணர்ந்து எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது: ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை வெடிபொருள் வரையறையிலிருந்து விலக்கிய அச்சட்டம், சக்கிமுக்கிக் கல்லையும் கேப்பையும் அதற்குள் பெயர் சொல்லிச் சேர்த்தது. மூலப்பொருளை விட்டுவிட்டு நெருப்பூட்டும் உறுப்பைக் கட்டுப்படுத்தினாலே துப்பாக்கியைக் கட்டுப்படுத்தலாம் என்பதே அதன் உட்பொருள்.

1860களில் பின்புறம் மருந்திடும் துப்பாக்கிகள் வந்ததும் கேப்பு தோட்டாவின் அடிப்பகுதிக்குள் இடம்பெயர்ந்தது. இன்றைய தோட்டாவின் நடுவில் தெரியும் சிறு வட்டம் அதன் வழித்தோன்றலே. முன்புறம் மருந்திடும் துப்பாக்கியை வைத்திருக்கவும் இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழைய வீடுகளின் பெட்டிகளிலோ பரணிலோ பச்சை படிந்த செப்புக் கேப்புகள் கிடைத்தால், அவை எவ்வளவு பழையனவாக இருந்தாலும் செயலிழந்துவிட்டன என்று கருதலாகாது. தட்டாமல், சுரண்டாமல், வெயிலில் காய வைக்காமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.