வெங்கட்டின் 36, அஸ்வினின் 24: நடுவில் பிரசன்னா

ஆம்பூர்லேர்ந்து பேசறேன். இடையில லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, ரூம் ஹைவே பக்கம்.

இன்னிக்கு விஷயம் ஒரு டீக்கடைத் தகராறுல ஆரம்பிச்சது. எனக்கு டேனரி வேலையும் ஆஃப் ஸ்பின்னும் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருத்தர் இருக்கார். வெங்கட்ராகவன்னா அவருக்கு உயிர். வெங்கட்டா அஸ்வினான்னு பேச்சு வந்தப்ப, நான் போனை எடுத்து டெஸ்ட் சராசரியைப் படிச்சேன். அஸ்வின் 24, வெங்கட் 36. படிச்சிட்டு சிரிச்சேன். அவர் பாதி டீயை வெச்சிட்டு எழுந்து போயிட்டார்.

சிரிச்சது தப்பு. கணக்கும் அரைகுறைன்னு அப்புறம்தான் புரிஞ்சது. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஒரே அடுக்குல போட்டு, இது சதுர அடி கம்மின்னு யாரும் ஒதுக்க மாட்டாங்க. முதல்ல இனம் பிரிக்கணும். அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

சராசரிங்கறது ஒரே எண் மாதிரி தெரியும். உள்ளே ரெண்டு விஷயம் இருக்கு. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து, ஒரு ஓவருக்கு எத்தனை ரன். வெங்கட் 57 டெஸ்ட்ல 156 விக்கெட். விக்கெட்டுக்கு சுமார் 95 பந்து, ஆனா ஓவருக்கு 2.27 ரன்தான். அஸ்வின் 106 டெஸ்ட்ல 537. விக்கெட்டுக்கு 51 பந்து, ஓவருக்கு 2.83. ரன் கொடுக்கறதுல வெங்கட்தான் கஞ்சர். அவரை யாரும் அடிச்சு நொறுக்கல. அவுட் ஆகாம நின்னாங்க, அவ்வளவுதான்.

எப்படி நின்னாங்க? பேடை வெச்சு. 1957 பர்மிங்காம் டெஸ்ட்தான் இதுக்குப் பெரிய உதாரணம். முதல் இன்னிங்ஸ்ல வெஸ்ட் இண்டீஸ் ஸ்பின்னர் ராமாதீன் 7 விக்கெட் எடுத்துட்டார். ரெண்டாவதுல மேயும் கௌட்ரியும் முன்னங்காலை நீட்டி நீட்டியே 411 ரன் சேர்த்தாங்க. ராமாதீன் 98 ஓவர் போட்டார், கிடைச்சது 2 விக்கெட். கால் அவ்வளவு தூரம் முன்னாடி வந்தா அம்பயர் கை தூக்க மாட்டார். (பின்னாடி வெங்கட்டே அம்பயராகி 73 டெஸ்ட்ல நின்னார். அந்த முடிவோட கஷ்டத்தை ரெண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த மனுஷன்.) பந்து எங்கே போயிருக்கும்னு டிஆர்எஸ் காட்ட ஆரம்பிச்ச பிறகுதான் அந்தக் காலுக்கு பயம் வந்தது.

"அப்போ அஸ்வினோட விக்கெட்டெல்லாம் டிஆர்எஸ் கொடுத்ததா?" நானும் அப்படித்தான் நினைச்சேன். தேதியைப் பார்த்தா அந்த வாதம் விழுந்துடுது. இந்தியாவுல நடக்கற டெஸ்டுக்கு டிஆர்எஸ் வந்தது 2016 நவம்பர்ல, இங்கிலாந்து தொடருக்கு. அஸ்வின் 200-வது விக்கெட்டை எடுத்தது அதுக்கு முன்னாடி, செப்டம்பர்ல, கான்பூர்ல. வெறும் 37 டெஸ்ட்ல. காலம் மாறினது அவருக்கு உதவியிருக்கலாம், ஆனா அவரை உருவாக்கினது அது இல்ல.

சரி, காலத்தோட பங்கை எப்படிப் பிரிக்கறது? வெங்கட்டை நேரா அஸ்வின் பக்கத்துல வைக்காதீங்க. நடுவுல பிரசன்னாவை வைங்க. அதே காலம், அதே அணி, அதே ஆஃப் ஸ்பின். அணியில ஒரே இடத்துக்குத்தான் ரெண்டு பேருக்கும் போட்டியே. பிரசன்னா சராசரி 30.38. ஆக 36-க்கும் 30-க்கும் நடுவுல இருக்கற ஆறு ரன்னுக்கு காலத்தைக் குறை சொல்ல முடியாது, அது வெங்கட் கணக்கு. பெரியவருக்கு இது கசக்கும்னு தெரியும்.

30-லேர்ந்து 24-க்கு வர்ற இன்னொரு ஆறுலதான் காலம் ஒளிஞ்சிருக்கு. அஸ்வின் கூடவே பந்து போட்ட ஜடேஜாவைப் பாருங்க, அவரும் 25-ஐ ஒட்டித்தான். ஒரே அணியில ரெண்டு ஸ்பின்னருக்கு இப்படி அமையணும்னா திறமை மட்டும் போதாது, இங்கத்திய பிட்சுக்கும் பங்கு இருக்கு. அஸ்வின் விக்கெட்ல 383 உள்ளூர்ல எடுத்தது, சராசரி 21 சொச்சம். என் முடிவு: அஸ்வின்தான் பெரிய பௌலர். ஆனா பன்னிரண்டு ரன் அளவுக்குப் பெரியவர் இல்ல.

போன வாரம் இதையெல்லாம் பேப்பர்ல எழுதிப் பெரியவர்கிட்ட கொண்டு போனேன். கண்ணாடி மாட்டிப் படிச்சார். "முதல் ஆறு சரிடா. ரெண்டாவது ஆறுல பாதி பிட்சுன்னு எழுது"ன்னார். எழுதினேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.